நினைவக வரைபட அறிக்கையில் கோப்புப் பெயர் விழாத வரிகள்: மடுவத்துக் கணினிகளில் எப்படிச் சரிசெய்வது?

மஸ்கெலியா_மடுவம்

மூன்று கொழுந்து மடுவங்களில் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைகள்) சின்னக் கணினிகள் ஓடுகின்றன. டெபியன் 12, 64 பிட், நான்கு கோர், 2 ஜிபி ரேம். மின்தராசிலிருந்து சீரியல் வழியாக எடையை வாங்கும் நிரல் சி++. செக்ரோலுக்கு (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) கணக்கு அனுப்புவது பைத்தான். தரவு போஸ்ட்கிரெஸ்ஸில். இரவில் ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு புரோசஸுக்கும் (ஓடும் நிரலுக்கும்) பிமேப் என்ற நினைவக வரைபடக் கட்டளையை ஓட்டி, எந்தக் கோப்பு எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று அட்டவணை போடுகிறது. அதில் பாதிக்கு மேல் "பெயரில்லை" என்ற தலைப்பில் விழுகிறது.

பார்த்தவரை வரிகள் பல விதம். 132 கேபி ஒன்று, அதை ஒட்டி 65404 கேபி ஒன்று என்று சோடி சோடியாகப் பெயரில்லாமல் வருகின்றன. சில லைப்ரரிகளுக்குப் பெயர் இருந்தும் பின்னால் "டிலீட்டட்" என்று ஒட்டிக்கொண்டிருப்பதால், ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைத் தேடிப் பிடிக்க முடியாமல் கைவிடுகிறது. தராசு நிரலுக்குத் தலைப்பு வரி மட்டும் வருகிறது, கீழே ஒன்றுமே இல்லை. ஒரு மடுவத்துக் கணினியில் வட்டின் கோப்பு முறைமை பிடிஆர்எப்எஸ். அங்கே பெயர் வந்தாலும் சாதன எண் ஸ்டாட் கட்டளை காட்டுவதோடு பொருந்துவதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றா, வேறு வேறா?

பதுளை_கர்னல்

வேறு வேறு. ஒரே தலைப்பில் போட்டதுதான் முதல் பிழை. பெயர் பிறக்கவே இல்லாத வரி, பெயர் இருந்து கோப்பு போய்விட்ட வரி, பெயர் இருந்தும் உங்கள் கண்ணுக்குக் காட்டப்படாத வரி. இந்த மூன்றையும் முதலில் பிரியுங்கள். மருந்து ஒவ்வொன்றுக்கும் தனி.

பிமேப்பை விட்டுவிட்டு, கர்னல் புரோசஸ் விவரங்களைக் காட்டும் ப்ராக் அடைவில் அந்தப் புரோசஸ் எண்ணுக்குள் இருக்கும் மேப்ஸ் கோப்பை நேரே படியுங்கள். ஒரு வரியில் ஆறு புலங்கள்: முகவரி எல்லை, அனுமதி, கோப்புக்குள் எந்த இடத்திலிருந்து என்ற ஆப்செட், சாதன எண், ஐநோட் (கோப்பு முறைமையில் கோப்பின் அடையாள எண்), பாதை. சாதன எண் 00:00, ஐநோட் 0 என்றால் அதன் பின்னால் கோப்பு இல்லை, தேடவும் வேண்டாம். ஐநோட் பூச்சியம் இல்லையென்றால் கோப்பு ஒன்று கட்டாயம் இருக்கிறது. அப்போது பெயர் வராவிட்டால் உங்கள் ஸ்கிரிப்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் ஏன் என்றால், ஆறாவது புலத்தை இடைவெளி வைத்து வெட்டினால் பாதையில் இடைவெளி வந்த உடனே பெயர் பாதியில் நின்றுவிடும். "மேல் பிரிவு" என்று அடைவுக்குப் பெயர் வைத்திருந்தால் "மேல்" மட்டும்தான் மிஞ்சும். முதல் ஐந்து புலங்களை மட்டும் இடைவெளியால் பிரித்து, மீதி வரியை அப்படியே பாதையாக எடுங்கள். இத்தனையாவது எழுத்திலிருந்து பாதை என்று எண்ணி வெட்டுவதும் வேண்டாம், ஐநோட் எண் நீண்டால் அது தள்ளிப்போகும். கோப்புப் பெயருக்குள் புதுவரிக் குறி இருந்தால் கர்னல் அதை \012 என்று எழுதும்.

பிமேப்பே வேண்டும் என்றால் சிறிய பி விருப்பத்தைச் சேருங்கள். அது இல்லாமல் கடைசிப் பெயர் மட்டும்தான் வரும். வெவ்வேறு அடைவுகளில் ஒரே பெயருள்ள இரண்டு லைப்ரரிகள் இருந்தால் இரண்டும் ஒரே கணக்கில் கூடிவிடும்.

நானுஓயா_சர்வர்

தலைப்பு வரி மட்டும் வருவது அனுமதிப் பிரச்சினை தம்பி. மேப்ஸைப் படிக்க கர்னல் பிட்ரேஸ் வாசிப்பு அனுமதி (ஒரு புரோசஸின் உள்ளே மற்றொன்று பார்க்கும் உரிமை) பார்க்கிறது. கிடைக்காவிட்டால் பிமேப் பெயரை மட்டும் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளும். அதே மேப்ஸ் கோப்பை கேட் போட்டுத் திறந்து பாருங்க, அனுமதி மறுப்பு என்று தெளிவாக வரும்.

தராசு நிரலும் அறிக்கை ஸ்கிரிப்ட்டும் ஒரே பயனர் பெயரில் ஓடினாலும் இது வரும். தராசு நிரலுக்கு யாராவது செட்கேப் போட்டு சிறப்பு அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று கெட்கேப் வைத்துப் பாருங்க. அப்படிப்பட்ட நிரல் தொடங்கும்போது கர்னல் அதை டம்ப் (நினைவக நகல்) எடுக்க முடியாதது என்று குறித்துவிடும். ப்ராக்கில் அதன் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். சீரியல் போர்ட் திறப்பதற்காகத்தான் அந்த அதிகாரம் என்றால் அது தேவையே இல்லை. டெபியனில் சீரியல் சாதனங்கள் டயல்அவுட் குழுவுக்குச் சொந்தம். நிரல் ஓடும் பயனரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு அதிகாரத்தை எடுத்துவிடுங்க, மேப்ஸ் தானாகத் திறக்கும்.

யாமா என்ற பாதுகாப்புப் பகுதியின் பிட்ரேஸ் ஸ்கோப்பை 0 ஆக்கச் சொல்லி இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதைச் செய்யாதீங்க. அது புரோசஸோடு டிபக்கரை இணைப்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது, மேப்ஸ் வாசிப்பை அல்ல. பலன் இல்லாமல் பாதுகாப்பு மட்டும் குறையும்.

இன்னொன்று. அறிக்கை ஸ்கிரிப்ட்டை சிஸ்டம்டி சேவையாக ஓட்டினால், அந்தச் சேவைக் கோப்பில் புரொடெக்ட்ப்ராக் வரி இருக்கிறதா பாருங்க. "இன்விசிபிள்" என்று இருந்தால் மற்றப் பயனர்களின் புரோசஸ்களே ப்ராக்கில் தெரியாது. ப்ராக்கை ஹைட்பிஐடி 2 என்று மவுண்ட் செய்திருந்தாலும் அதே கதிதான். கையால் ஓட்டும்போது சரியாக வந்து, இரவில் டைமரில் ஓடும்போது வரிகள் குறைந்தால் இதைத்தான் முதலில் பார்க்கணும்.

மஸ்கெலியா_மடுவம்

செட்கேப் போட்டுத்தான் இருந்தது. எடுத்துவிட்டு டயல்அவுட்டில் சேர்த்தேன். தராசு நிரலின் வரிகள் முழுதாக வருகின்றன, நன்றி அண்ணே. பாதை வெட்டும் பிழையும் திருத்தியாயிற்று. இப்போது டிலீட்டட்?

கண்டி_டிபக்

அது பிழை இல்லை, கர்னல் உண்மையைச் சொல்கிறது. டெபியனின் பொதி மேலாளர் ஆப்ட் ஒரு லைப்ரரியை இற்றைப்படுத்தும்போது புதுக் கோப்பை வேறு பெயரில் எழுதி, பழைய பெயரின் மேல் பெயர்மாற்றம் செய்கிறது. பழைய ஐநோட்டுக்கு இனிப் பெயர் இல்லை. ஆனால் ஓடும் நிரல் அதை விடாமல் பிடித்திருக்கிறது. அதனால் அதே பாதையில் இப்போது இருப்பது வேறு கோப்பு. "டிலீட்டட்" என்ற சொல்லை வெட்டிவிட்டு மீதிப் பாதையைப் போய் ஸ்டாட் செய்யும் ஸ்கிரிப்ட்டுகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. பெயர் கிடைத்துவிடும், ஆனால் அளவும் சிம்பல்களும் புதுக் கோப்பினுடையவை. பெயரில்லாத வரியை விடத் தவறான பெயருள்ள வரி மோசம்.

பழைய கோப்பு வேண்டும் என்றால் அதே ப்ராக் அடைவில் மேப்ஃபைல்ஸ் என்று ஓர் உள்ளடைவு இருக்கிறது. ஒவ்வொரு கோப்பு வரைபடத்துக்கும் முகவரி எல்லையையே பெயராகக் கொண்ட ஒரு இணைப்பு அங்கே உண்டு. அதை ரூட்டாகத் திறந்தால் அழிக்கப்பட்ட கோப்பின் உள்ளடக்கமே வரும். சிபி போட்டு வெளியே எடுத்து, ரீடெல்ஃப் கட்டளையில் சிறிய என் விருப்பம் கொடுத்து பில்ட் அடையாளத்தை (கட்டும்போது கோப்புக்குள் இடப்படும் தனி எண்) பாருங்கள். எந்தப் பதிப்பு என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லலாம். கர்னல் 4.3 முதல் இந்த அடைவு எப்போதும் உண்டு, அதற்கு முன் சிறப்பு அமைப்பு வேண்டியிருந்தது.

இதில் பலர் விழும் குழி ஒன்று. மேப்ஸில் முகவரி குறைந்தது எட்டு இலக்கத்துக்கு முன்பூச்சியம் சேர்த்து வரும். மேப்ஃபைல்ஸில் சேர்க்காது. பழைய முறையில் கட்டிய நிரலுக்கு மேப்ஸில் 00400000-00426000 என்று இருப்பது அங்கே 400000-426000. அப்படியே ஒட்டித் தேடினால் "இல்லை" என்றுதான் வரும். லைப்ரரிகள் உயர்ந்த முகவரியில் இருப்பதால் அவற்றுக்கு மட்டும் வேலை செய்து, பிரதான நிரலுக்கு மட்டும் தோற்கும். காரணம் தெரியாவிட்டால் அரை நாள் போய்விடும்.

நிரந்தர வழி சேவையை மறுதொடக்கம் செய்வதுதான். நீட்ரீஸ்டார்ட் பொதியை நிறுவினால் எந்தச் சேவைகள் பழைய லைப்ரரியைப் பிடித்திருக்கின்றன என்று சொல்லும். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த லைப்ரரியை எப்படி இடம் மாற்றுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் லைப்ரரியின் மேல் சிபி போட்டால் அதே ஐநோட்டுக்குள் எழுதும். டிலீட்டட் என்று வராது, அறிக்கை சுத்தமாக இருக்கும், நிரல் மட்டும் திடீரென்று விழும். இன்ஸ்டால் கட்டளை பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதும். அல்லது பக்கத்தில் எழுதி எம்வி செய்யுங்கள்.

பண்டாரவளை_வட்டு

பிடிஆர்எப்எஸ் கேள்விக்கு. அங்கே ஒவ்வொரு துணைத்தொகுதிக்கும் ஸ்டாட் தனியான ஒரு சாதன எண்ணைக் கொடுக்கும். மேப்ஸ் எழுதுவதோ கோப்பு முறைமை முழுவதற்குமான எண். இரண்டும் என்றைக்கும் ஒத்துப்போகாது. சாதன எண்ணையும் ஐநோட்டையும் சேர்த்துத் திறவுகோலாக வைத்திருந்தால் அந்த இயந்திரத்தில் எல்லா வரியும் தோற்கும். மேப்ஃபைல்ஸ் இணைப்பைப் பின்தொடர்ந்து ஸ்டாட் செய்து, அந்த எண்ணையே பாதையின் ஸ்டாட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல் ஆகிவிடும்.

மற்ற இரண்டு கணினிகளிலும் ஒன்றைக் கவனிக்கணும். மேப்ஸில் சாதன எண் பதினாறின்மானத்தில் இருக்கிறது. என்விஎம்இ வட்டில் 103:05 என்று கண்டால் அது 259:5. வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே 259:5 என்றுதான் காட்டும். அதே சாதனம்தான்.

கன்டெய்னருக்குள் ஓடும் புரோசஸ் இருந்தால் பாதை கன்டெய்னரின் பார்வையில் வரும். வெளியே அதே பாதையில் வேறு கோப்பு இருக்கலாம், அநேகமாக இருக்கும். பாதைக்கு முன்னால் ப்ராக், புரோசஸ் எண், ரூட் என்று சேர்த்துத் திறக்க வேண்டும். கன்டெய்னர்களின் அடுக்குக் கோப்பு முறைமையான ஓவர்லேயில் சாதன எண் அடியடுக்கினுடையதாகவும் பாதை மேலடுக்கினுடையதாகவும் வந்த கர்னல்கள் உண்டு, அதனால் அங்கே எண்களை நம்பாதீர்கள்.

பதுளை_கர்னல்

இனி 132, 65404 சோடி. கூட்டிப் பாருங்கள்: 65536 கேபி, சரியாக 64 எம்பி. சி லைப்ரரியான ஜிலிப்சி ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி மாலாக் அரங்கம் (நினைவகம் பங்கிடும் இடம்) ஒதுக்கும்போது 64 எம்பி முகவரி இடத்தைப் பிடித்து, அதில் முதல் துண்டை மட்டும் எழுதத் திறக்கிறது. மீதி 65404க்கு எந்த அனுமதியும் இல்லை, அதன் பின்னால் ரேம் ஒரு பைட்டும் இல்லை. 64 பிட்டில் அரங்கங்களின் உச்ச எண்ணிக்கை கோர்களின் எட்டு மடங்கு. நான்கு கோருக்கு 32 அரங்கம், காகிதத்தில் 2 ஜிபி! உங்கள் ஸ்கிரிப்ட் பிமேப்பின் கேபி பத்தியைக் கூட்டுகிறது என்று நினைக்கிறேன். ஆர்எஸ்எஸ் (உண்மையில் ரேமில் இருக்கும் அளவு) பத்தியைக் கூட்டினால் "பெயரில்லை" பெரும்பாலும் கரைந்துவிடும். அரங்கங்களையே குறைக்க வேண்டுமென்றால் சேவைக் கோப்பின் சூழல் மாறியில் மாலாக் அரீனா மேக்ஸ் 2 என்று வையுங்கள். திரெட்டுகள் பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம் கொஞ்சம் கூடும், எடை வாங்கும் வேலைக்கு அது தெரியாது.

8192 கேபி வரி, அதற்கு முன்னால் அனுமதியில்லாத 4 கேபி வரி என்றால் அது திரெட் ஸ்டாக், முன்னால் இருப்பது காவல் பக்கம். கர்னல் 3.4 முதல் 4.4 வரை திரெட் எண்ணோடு ஸ்டாக் பெயர் வந்தது. 4.5இல் எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு லைப்ரரியின் எழுதக்கூடிய வரி முடியும் முகவரியிலேயே பெயரில்லாத சின்ன வரி தொடங்கினால், அது அநேகமாக அந்த லைப்ரரியின் பிஎஸ்எஸ் பகுதி, அதாவது தொடக்க மதிப்பில்லாத மாறிகள். கோப்பில் இடம் பிடிக்காததால் பெயர் இல்லை. ஆனால் ஒட்டியிருப்பதே சான்று ஆகாது, வேறு எம்மேப் (நிரல் கர்னலிடம் நேரே கேட்டு வாங்கும் இடம்) ஒன்று தற்செயலாகப் பக்கத்தில் விழலாம். ரீடெல்ஃபில் சிறிய எல் விருப்பம் கொடுத்து, கடைசி லோட் பகுதியின் நினைவக அளவு கோப்பு அளவை விட எவ்வளவு கூட என்று பாருங்கள். இரண்டின் முடிவு முகவரிகளையும் 4096க்கு மேல்நோக்கி முழுமையாக்கினால் வரும் வித்தியாசம் வரியின் அளவோடு பொருந்தினால் அந்த லைப்ரரியின் கணக்கில் சேருங்கள்.

மிஞ்சுவது உங்கள் நிரல் தானே எம்மேப் செய்த இடங்கள். அவற்றுக்குப் பெயர் சூட்டலாம். கர்னல் 5.17 முதல் பிஆர்சிடிஎல் என்ற கர்னல் அழைப்பில் இதற்கு வழி உண்டு. முதல் எண் 1398164801, இரண்டாவது 0, பிறகு முகவரி, நீளம், பெயர். மேப்ஸில் சதுர அடைப்புக்குள் "அனான்" என்று தொடங்கி உங்கள் பெயர் வரும். டெபியன் 12இல் கர்னல் 6.1, வயது போதும். ஆனால் கர்னலைக் கட்டும்போது அனான் விஎம்ஏ நேம் அமைப்பு இயங்கியிருக்க வேண்டும். பூட் அடைவிலுள்ள கான்பிக் கோப்பில் கிரெப் போட்டு உறுதி செய்யுங்கள்.

மஸ்கெலியா_மடுவம்

கேபியைத்தான் கூட்டிக்கொண்டிருந்தது, மாற்றிவிட்டேன். கான்பிக்கில் அந்த அமைப்பு இருக்கிறது. ஆனால் பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி அழைப்புகளுக்கான மாட்யூல்) வழியாக அழைத்தால் ஈஇன்வால் (தவறான மதிப்பு) பிழை. முகவரி 4096ஆல் மீதியின்றி வகுபடுகிறது. பெயர் "கொழுந்து எடை".

பதுளை_கர்னல்

பெயர்தான் காரணம். கர்னல் இந்த இடத்தில் அச்சிடத்தக்க ஆஸ்கி எழுத்துகளை மட்டும்தான் ஏற்கும். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் அந்த எல்லைக்கு வெளியே. ஆஸ்கிக்குள்ளும் சதுர அடைப்புகள், பின்சாய்கோடு, டாலர் குறி, பின்மேற்கோள் ஆகியவை ஆகாது. நீளம் முடிவுப் பூச்சியத்தோடு 80 பைட். ரோமன் எழுத்தில் எழுதுங்கள், போய்விடும். இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது எனக்கு வருத்தம்தான்.

தமிழ்ப் பெயர் கட்டாயம் என்றால் மெம்எப்டி (நினைவகத்தில் மட்டும் இருக்கும் கோப்பு) வழி உண்டு. அது 249 பைட் வரை எந்த எழுத்தையும் ஏற்கும். தமிழ் யூடிஎப்-8இல் குறிக்கு மூன்று பைட், ஆக 83 குறிகள், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் அது பகிர்வு நினைவகக் கணக்கில் போகும், மேப்ஸில் பின்னால் டிலீட்டட் என்றும் வரும். பெயருக்காக மட்டும் அந்த மாற்றத்தைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு பிழைகள்: எல்லைக்கு நடுவே வரைபடமில்லாத ஓட்டை இருந்தால் ஈநோமெம், கோப்பு வரைபடத்துக்குப் பெயர் வைக்கப் பார்த்தால் ஈபேட்எப். வெவ்வேறு பெயருள்ள பக்கத்துப் பகுதிகளைக் கர்னல் ஒன்றாக இணைக்காது. ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தால் 65530 என்ற வரைபட உச்சவரம்பைத் தொட்டு, எம்மேப்பே தோற்கும். பெரிய இடையகங்களுக்கு மட்டும் வையுங்கள்.

நானுஓயா_சர்வர்

மாலாக் வரிகளுக்கும் ஸ்டாக்குகளுக்கும் பெயர் வேண்டுமென்றால் நிரலைத் தொடவே வேண்டாம். ஜிலிப்சி 2.39 முதல் டெகரேட் மேப்ஸ் என்று ஒரு டியூனபிள் (மாற்றக்கூடிய அமைப்பு) இருக்கிறது. 1 என்று வைத்தால் மாலாக், அரங்கம், திரெட் எண்ணோடு ஸ்டாக் எல்லாம் பெயரோடு வரும். டெபியன் 12இல் 2.36, அதனால் கிடைக்காது. டெபியன் 13இல் 2.41, உபுண்டு 24.04இல் 2.39. அந்தப் பெயர்களுக்குள் இடைவெளி வரும், மேலே சொன்ன ஆறாவது புல வெட்டு அங்கேயும் கடிக்கும்.

கண்டி_டிபக்

டெபியன் 13க்குப் போகிறீர்கள் என்றால் இதையும் சேர்த்து: மேப்ஸைச் சின்னத் துண்டுகளாகப் படித்தால், இரண்டு வாசிப்புக்கு நடுவே நிரல் எம்மேப் செய்யும்போது சில வரிகள் தவறலாம் அல்லது பாதி பழையதாக வரலாம். கர்னல் 6.11இல் ப்ராக்மேப் கியூரி என்ற ஐஆக்டல் (கர்னலிடம் நேரே கேட்கும் அழைப்பு) வந்திருக்கிறது. ஒரு முகவரியைக் கொடுத்தால் அது விழும் பகுதியின் எல்லை, ஐநோட், பாதை, பில்ட் அடையாளம் வரை ஒரே பதிலில் கொடுக்கும், உரையைப் பிரிக்கும் வேலையே இல்லை. டெபியன் 13 கர்னல் 6.12.

ஹாலிஎல_பிஎஸ்டி

ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. ப்ராக்ஸ்டாட் சிறிய வி விருப்பத்தில் பாதை வெறுமையாக வந்தால் கோப்பு அழிந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அங்கே பாதை பெயர்த் தற்காலிகச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்தப் பதிவு வெளியேற்றப்பட்டிருந்தால் பெயர் கிடைக்காது. கோப்பு இருக்கும் இடத்தை எல்எஸ் நீள வடிவில் ஒருமுறை பட்டியலிட்டுவிட்டு மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

மஸ்கெலியா_மடுவம்

ரோமன் பெயர் வைத்ததும் பிழை போய்விட்டது. ஒன்றுதான் பாக்கி. போஸ்ட்கிரெஸ் புரோசஸ்கள் எல்லாவற்றிலும் "டெவ் ஜீரோ டிலீட்டட்" என்று 128 எம்பிக்குக் கூடிய ஒரு வரியும், "சிஸ்வி" என்று தொடங்கும் 4 கேபி வரி ஒன்றும். மறுதொடக்கம் செய்தும் டிலீட்டட் போகவில்லை.

பதுளை_கர்னல்

அவை போகாது, போகவும் கூடாது. பெற்றோரும் பிள்ளைகளும் பகிரும் பெயரில்லா நினைவகத்தைக் கர்னல் உள்ளுக்குள் ஒரு பெயரற்ற கோப்பாகவே வைத்திருக்கிறது. அதற்கு இட்ட பெயர்தான் டெவ் ஜீரோ. போஸ்ட்கிரெஸ்ஸின் ஷேர்ட் பஃபர்ஸ் இயல்பாக 128 எம்பி, அதோடு பூட்டு அட்டவணைகள் சேர்ந்து கொஞ்சம் கூட. ஹியூஜ் பேஜ் (பெரிய நினைவகப் பக்கம்) கிடைத்தால் அதே வரி "அனான் ஹியூஜ்பேஜ் டிலீட்டட்" என்று மாறும். அதையும் ஸ்கிரிப்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

சிஸ்வி வரியில் ஐநோட் புலத்தில் இருப்பது ஐநோட்டே இல்லை, பகிர்வு நினைவகத்தின் அடையாள எண். ஐபிசிஎஸ் கட்டளைக்குச் சிறிய எம், சிறிய ஐ விருப்பங்களோடு அந்த எண்ணைக் கொடுத்தால் உருவாக்கிய புரோசஸ் யார், எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று வரும். ஒரே தரவு அடைவில் இரண்டு சர்வர் ஏறாமல் காப்பது அந்தச் சின்னத் துண்டுதான், தயவு செய்து கையால் நீக்கிவிடாதீர்கள்.

இவற்றுக்கு ஆர்எஸ்எஸ் கூட்டினால் ஒவ்வொரு புரோசஸும் தொட்ட அதே பக்கங்கள் திரும்பத் திரும்பக் கணக்கில் ஏறும். பத்து இணைப்பு இருந்தால் 2 ஜிபி இயந்திரத்தில் 1 ஜிபிக்கு மேலும் காட்டலாம். மேப்ஸின் விரிவான வடிவமான ஸ்மேப்ஸில் உள்ள பிஎஸ்எஸ் எண்ணை எடுங்கள், பிமேப்பில் பெரிய எக்ஸ் விருப்பம் அதைக் காட்டும். பகிர்ந்த பக்கத்தை எத்தனை பேர் வரைந்திருக்கிறார்களோ அத்தனையால் வகுத்துத்தான் அது கணக்கிடுகிறது. நான் மேலே பிஎஸ்எஸ் என்று எழுதிய தொடக்க மதிப்பில்லாத மாறிகள் வேறு, இது விகிதப் பங்கு. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படுவதால் ஸ்கிரிப்ட்டின் தலைப்பில் "பங்கு" என்றே போடுங்கள்.